குப்பைக்கூடைக்குப் போகும் மளிகைப் பணம்

கேள்வி: ஈரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் ஐந்து பேர்: நான், கணவர், அத்தை, எட்டாவதும் நான்காவதும் படிக்கும் இரண்டு பிள்ளைகள். கணவர் விசைத்தறிப் பட்டறையில் கணக்கு எழுதுகிறார். நான் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன். மளிகை, காய்கறி, பால், கேஸ் எல்லாம் சேர்ந்து மாதம் 16,000 ரூபாயைத் தாண்டுகிறது. எண்ணெய் மட்டும் ஆறு லிட்டர். முன்பு 40 நாள் வந்த சிலிண்டர் இப்போது 30 நாளில் தீர்ந்துவிடுகிறது. இவ்வளவு செலவு செய்தும் வாரம் ஒரு பை காய் அழுகி வெளியே போகிறது. காலை ஆறு மணிக்கு வடிக்கும் சோறுதான் மூன்று வேளைக்கும். இரவு மீந்ததில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் நான் சாப்பிடுகிறேன். சோற்றைக் கொட்டினால் அத்தை மனம் வருந்துவார். முட்டையையும் பழத்தையும் குறைத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். எங்கே கை வைப்பது என்று சொல்லுங்கள்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முட்டையிலும் பழத்திலும் கை வைக்காதீர்கள். மற்றதைப் பேசுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், பணம் இறுக்கமானவுடன் நம் வீடுகளில் முதலில் காணாமல் போவது இவை இரண்டும்தான். ஒரு முட்டையில் சுமார் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. நாமக்கல்லுக்குப் பக்கத்திலேயே இருக்கிறீர்கள். வளரும் பிள்ளைகளுக்கு இந்த விலையில் இவ்வளவு நல்ல புரதம் தர, பருப்பையும் பயறையும் விட்டால் வேறு பொருள் இல்லை. பழம் என்றால் ஆப்பிளாக இருக்க வேண்டியதில்லை. கொய்யா, வாழை, பப்பாளி தாராளமாகப் போதும்.

உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். சாப்பிட்டுத் தீரும் செலவைவிட, யார் வாயிலும் படாமல் போகும் செலவுதான் அதில் அதிகமாகத் தெரிகிறது. வாரம் ஒரு பை காய், தினமும் மிஞ்சும் சோறு, ஆறு லிட்டர் எண்ணெய், பத்து நாள் முன்னதாகவே தீரும் சிலிண்டர். நீங்கள் தேடும் பணம் இந்த நான்கிலும்தான் இருக்கிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2022-ம் ஆண்டில் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணானது, அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது என்கிறது அது. கல்யாணப் பந்தியில் இலையோடு மூடப்படும் சாப்பாட்டைப் பார்த்து நாம் எல்லோரும் வருத்தப்படுகிறோம். நம் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வாடும் கத்தரிக்காய் அந்த அளவுக்கு உறுத்துவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் போவதால்.

ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளைகளின் பழைய நோட்டில் ஒரு பக்கம் எடுத்து, வீட்டைவிட்டு வெளியே போகும் ஒவ்வொரு உணவுப் பொருளையும் எழுதுங்கள். பக்கத்தில் காரணம்: அழுகியது, மீந்தது, டிபன் பாக்ஸில் திரும்பி வந்தது, பொங்கி வழிந்தது. வரவு செலவு எழுதும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. குப்பைக்குப் போவதை எழுதும் பழக்கம் எங்கும் இல்லை. என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களை நான் முதலில் எழுதச் சொல்வது இதைத்தான். வாரக் கடைசியில் அந்தப் பக்கத்தைப் பார்த்தால், எதைக் குறைக்க வேண்டும் என்று வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்காது.

இனி சோற்றுக்கு வருகிறேன். அரிசி வெந்தால் எடை கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது. ஒரு டம்ளர், அதாவது சுமார் 150 கிராம் அரிசியைக் கூடுதலாகப் போட்டால் இரவில் 400 கிராமுக்கு மேல் சோறு மிஞ்சும். ஒரு ஆள் வயிறார உண்ணும் அளவு அது. மாதத்துக்கு நாலரை கிலோ அரிசி. கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 270 ரூபாய் ஆகிறது, வேகவைத்த கேஸ் தனி. அரிசியைக் கண்ணளவில் அள்ளுவதை நிறுத்திவிட்டு, அரிசி டின்னுக்குள் ஒரே டம்ளரைப் போட்டு வையுங்கள். இப்போது போடும் அளவில் அரை டம்ளர் குறைத்து நான்கு நாள் பாருங்கள். ஒருநாள் பற்றாமல் போனால் இரண்டு தோசை ஊற்றிக்கொள்ளலாம்.

"திடீரென்று யாராவது வந்துவிட்டால்?" என்று அத்தை கேட்பார். நியாயமான கேள்வி. வந்தவரைச் சாப்பிடச் சொல்லாமல் அனுப்பும் வழக்கம் நமக்கு இல்லை, அதை விடவும் வேண்டாம். ஆனால், என்றைக்கோ வரப்போகிற ஒருவருக்காக தினமும் ஒரு டம்ளர் வடிக்கத் தேவையில்லை. வீட்டில் அவல், ரவை, நான்கு முட்டை, ஃப்ரிட்ஜில் கொஞ்சம் மாவு இருந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் யாருக்கும் சூடாகவே போட்டுவிடலாம். வந்தவருக்கும் காலையில் வடித்த சோற்றைவிட அது பிடிக்கும்.

காலை ஆறு மணிச் சோறு மூன்று வேளைக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் காசைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அரிசியில் 'பேசில்லஸ் சீரியஸ்' என்ற கிருமியின் வித்துகள் இயல்பாகவே இருக்கும். கொதிக்கும் தண்ணீரிலும் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் இருக்கும்போது அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்குகின்றன. வாந்தியை உண்டாக்கும் அந்த நச்சு, சோற்றை மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. அடுப்படியில் வெயில் காலத்துச் சூட்டில் காலையிலிருந்து இரவு வரை பானைக்குள் இருக்கும் சோற்றை பிள்ளைகளுக்குப் போடுவது சரியல்ல.

இதற்கு வழி சுலபம். காலையில் வடிப்பது மதியத்தோடு தீரும் அளவுக்கு இருக்கட்டும். மதியச் சோற்றைத் திறந்து திறந்து மூடாமல் சூடு ஆறாமல் ஹாட்பேக்கில் வையுங்கள். இரவுக்குக் குக்கரில் தனியாக ஒன்றரை டம்ளர் வையுங்கள். அல்லது இட்லி, தோசை, உப்புமா என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் மீந்தால் அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். மறுநாள் அது எலுமிச்சை சாதமாகவோ புளிச் சோறாகவோ மாறட்டும், நன்றாக ஆவி பறக்கச் சூடாக்கி.

பழைய சோறு கூடாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். அது அருமையான உணவு. புதிதாக வடித்து ஆறிய சோறு மூழ்கும்படி நல்ல தண்ணீர் ஊற்றி வைத்தால், இரவு முழுக்க லாக்டிக் அமிலம் உண்டாகி லேசாகப் புளிக்கிறது. அந்தப் புளிப்புதான் கெட்ட கிருமிகளைப் பெருகவிடாமல் பிடித்து வைக்கிறது. ஒரு கரண்டி மோர் விட்டால் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஆனால் பதினான்கு மணி நேரம் சும்மா கிடந்த சோற்றில் கடைசியாகத் தண்ணீர் ஊற்றுவது பழைய சோறு ஆகாது. இரவு சமைத்ததில் மீந்ததை ஆறவைத்து உடனே தண்ணீர் ஊற்றுங்கள், காலையிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். நூல் பிடித்தாலோ, புளிப்பு மணம் இல்லாமல் நாற்றம் வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

அதை நீங்கள் ஒருவர் மட்டும் ஏன் சாப்பிடுகிறீர்கள்? உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்திய வரி அதுதான். "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்று நான் கேட்கும்போது பல பெண்கள் சொல்லும் பதில் "இருந்ததைச் சாப்பிட்டேன்" என்பதுதான். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சூடாகப் போட்டுவிட்டு, நேற்றைய குழம்பு, முந்தாநாள் பொரியல், பிள்ளை பாதியில் வைத்த இட்லி என்று வழித்துத் துடைத்துச் சாப்பிடுவதைச் சிக்கனம் என்று நமக்குப் பழக்கிவிட்டார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. கடைசி ஆளாக உட்கார்ந்து, பருப்பும் கீரையும் முட்டையும் தீர்ந்தபிறகு வெறும் சோற்றோடு எழுந்திருப்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. உங்கள் வயிறு குப்பைக்கூடை இல்லை. மீதி இருந்தால் ஐந்து தட்டிலும் பங்கு விழட்டும். சித்திரை வெயிலில் சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு பழைய சோறு சாப்பிட உங்கள் கணவரும் பிள்ளைகளும் மாட்டேன் என்றா சொல்லப்போகிறார்கள்? எல்லோரும் பங்கு போட ஆரம்பித்தால் இன்னொன்றும் நடக்கும்: ஏன் இவ்வளவு மிஞ்சுகிறது என்ற கேள்வி வீட்டில் எல்லோருக்கும் வரும்.

அடுத்து அந்த ஒரு பை காய். ஒரே நாளில் வாரம் முழுமைக்கும் வாங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். சந்தையில் விலை மலிவாகத் தெரியும், கை நீண்டுவிடும். வாரம் இரண்டு முறையாக்குங்கள். பக்கத்தில் உழவர் சந்தை இருந்தால் காலையில் ஒரு நடை போகலாம். 1999 நவம்பர் 14-ல் மதுரையில் முதல் உழவர் சந்தை தொடங்கியதிலிருந்து அதன் ஏற்பாடு ஒன்றுதான்: விளைவித்தவரே விற்கிறார், அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். காலையில் பறித்தது கிடைப்பதால் வீட்டிலும் இரண்டு நாள் கூடுதலாகத் தாங்கும். விலை குறைவதைவிட இதுதான் பெரிய லாபம் என்பேன்.

வாங்கிய பிறகு எதை முதலில் சமைப்பது என்பதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். கீரை வாங்கின அன்றே ஆக வேண்டும், மறுநாளைத் தாண்டக் கூடாது. வெண்டை, முள்ளங்கி, புடலை, பீர்க்கன் அடுத்த இரண்டு நாளில். பிறகு கத்தரி, அவரை, பீன்ஸ். முட்டைகோஸ், பீட்ரூட், பூசணி, சேனை, உருளை எல்லாம் காத்திருக்கும், அவற்றைக் கடைசிக்கு வையுங்கள். 'இன்றைக்கு என்ன சமைக்கலாம்' என்று கேட்பதற்குப் பதிலாக 'இன்றைக்கு எதைச் சமைக்காவிட்டால் கெட்டுப்போகும்' என்று கேட்டுக்கொண்டு ஃப்ரிட்ஜைத் திறந்து பாருங்கள்.

பாதுகாப்பதில் சில சின்ன விஷயங்கள். கொத்தமல்லியைக் கழுவி வைத்தால் இரண்டே நாளில் அழுகும். வேரை நறுக்கி, பழுத்த இலைகளைக் கிள்ளி எறிந்து, ஈரமில்லாத பருத்தித் துணியில் சுற்றி டப்பாவில் மூடினால் ஒரு வாரம் வரும். செய்தித்தாளில் சுற்ற வேண்டாம், அச்சு மை உணவில் ஒட்டும். பழைய வேட்டித் துணி கிழித்தால் போதும், அது உங்கள் தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே இருக்கும். பச்சை மிளகாயைக் காம்பு கிள்ளி வையுங்கள். வாழைப்பழம், பப்பாளி, மாம்பழம் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை விடுகின்றன. கீரையையும் வெள்ளரியையும் அவற்றின் பக்கத்தில் வைத்தால் சீக்கிரம் மஞ்சளாகும். வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் போடாதீர்கள். தேங்காய் உடைத்தால் கண் உள்ள மூடி முதலில் கெடும், அதை முதலில் துருவுங்கள். அடுத்த மூடியைத் துருவி ஃப்ரீசரில் வைத்தால் வாரக்கணக்கில் கெடாது.

அப்புறம் அந்த எவர்சில்வர் பாத்திரங்கள்! நம் ஃப்ரிட்ஜுக்குள் தட்டு போட்டு மூடிய கிண்ணங்கள் அடுக்கடுக்காக இருக்கும். எதில் என்ன இருக்கிறது என்று வைத்தவருக்கே மறந்துபோகும். ஐந்தாம் நாள் திறந்தால் பூசணம். மீந்ததை வைக்க மட்டும் உள்ளே இருப்பது தெரியும் டப்பாக்கள் நான்கு வாங்குங்கள், கண்ணுக்கு நேரான தட்டில் அவற்றை மட்டும் வையுங்கள். வேறு டப்பா அந்தத் தட்டில் ஏறக் கூடாது. இட்லி மாவு புளித்துவிட்டால் வெங்காயம் போட்டு ஊத்தப்பமாகவோ பணியாரமாகவோ ஆக்குங்கள். தயிர் புளித்தால் மோர்க்குழம்பு. இவை உங்களுக்குத் தெரியாததல்ல, கண்ணில் பட்டால் தானாகவே செய்துவிடுவீர்கள்.

தோல், தண்டு, இலை என்று நாம் சீவி எறிவதில் பாதி உண்ணத் தகுந்தது. முள்ளங்கி இலையும் பீட்ரூட் இலையும் கீரைதான், பருப்போடு கடையலாம். காலிஃபிளவர் தண்டை மெல்லியதாக நறுக்கினால் பொரியலுக்கு ஆகும். கொத்தமல்லித் தண்டு ரசத்துக்கு இலையைவிட மணம் தரும். தர்பூசணியின் சிவப்புக்கும் பச்சைத் தோலுக்கும் நடுவே இருக்கும் வெள்ளைப் பகுதியைப் பாசிப்பருப்போடு கூட்டு வைத்தால் சுரைக்காய் என்றே நினைப்பார்கள். பீர்க்கங்காய் தோல் துவையலை மட்டும் முழுதாகச் சொல்கிறேன், இதைச் சாப்பிட்ட வீட்டில் அந்தத் தோல் மறுபடி குப்பைக்குப் போவதில்லை. காயை ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, விளிம்பு நரம்பை மட்டும் சீவிப் போட்டுவிட்டு, தோலைத் தனியாகச் சீவிக்கொள்ளுங்கள். ஒரு ஸ்பூன் எண்ணெயில் இரண்டு ஸ்பூன் உளுத்தம்பருப்பு, மூன்று வரமிளகாய், கொஞ்சம் பெருங்காயம் போட்டு, பருப்பு சிவந்ததும் எடுத்துவிட்டு, அதே சட்டியில் தோலைப் போட்டுப் பச்சை வாடை போய்ச் சுருளும் வரை வதக்குங்கள். ஆறியபின் கொட்டைப்பாக்கு அளவு புளி, உப்பு, இரண்டு ஸ்பூன் தேங்காய் சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தால் அன்றைக்குக் குழம்பே கேட்கமாட்டார்கள்.

எல்லாவற்றையும் காப்பாற்றியே தீர வேண்டும் என்றும் இல்லை. பச்சை படிந்த உருளைக்கிழங்கில் சோலனைன் என்ற நச்சு இருக்கும். நிறைய முளைவிட்டுச் சுருங்கியிருந்தாலும் அப்படித்தான், எறிந்துவிடுங்கள். பூசணம் பூத்த ரொட்டியில் அந்த இடத்தை மட்டும் கிள்ளிவிட்டுச் சாப்பிடக் கூடாது. பூஞ்சை பிடித்த, கசக்கும் நிலக்கடலையை வறுத்தும் உண்ண வேண்டாம். அதிலிருக்கும் அஃப்ளாடாக்சின் வறுத்தாலும் முழுதாகப் போகாது, கல்லீரலைக் கெடுக்கும். தோலும் வாடிய இலையும் தொட்டி மண்ணுக்கு உரமாகட்டும். பக்கத்து வீட்டில் மாடு இருந்தால் அரிசி களைந்த தண்ணீரும் அங்கே போகட்டும்.

எண்ணெய் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஆறு லிட்டர் அதிகம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பரிந்துரைக்கும் தட்டில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எண்ணெயும் நெய்யும் சேர்த்து 27 கிராம். ஐந்து பேருக்கு 30 நாளைக்குக் கணக்குப் போட்டால் நாலு கிலோ சொச்சம், அதாவது ஏறத்தாழ நாலரை லிட்டர். உங்கள் வீட்டில் ஒரு பெரியவரும் ஒரு சின்னப் பிள்ளையும் இருப்பதால் நாலு லிட்டரில் நிறுத்தலாம். இரண்டு லிட்டர் கடலை எண்ணெய் விலை எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். வாயைக் கட்ட வேண்டியதில்லை. மாதத் தொடக்கத்தில் ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து, 'இது இந்த வாரத்துக்கு' என்று அடுப்படியில் வையுங்கள். கேனிலிருந்து நேராகச் சட்டியில் சாய்ப்பதை நிறுத்தி, கரண்டியால் விடுங்கள். பாட்டில் வியாழக்கிழமையே காலியானால் எங்கே போனது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பொரிக்கும்போது பெரிய வாணலியில் அரை லிட்டர் ஊற்றாமல், குழிவான சின்ன வாணலியில் கொஞ்சமாக ஊற்றி இரண்டு மூன்று ஈடாகப் பொரியுங்கள். மீந்த எண்ணெயை வடிகட்டி இரண்டொரு நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்கள். திரும்பத் திரும்ப அதிலேயே பொரிக்க வேண்டாம். காய்ச்சக் காய்ச்ச எண்ணெய் சிதைந்து கெட்ட பொருள்கள் சேரும். கடைகளுக்கே 2018 ஜூலை 1 முதல் அந்தச் சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி இருக்கிறது. வீட்டில் அளந்து பார்க்கக் கருவி இல்லை. கறுத்து, பிசுபிசுத்து, புகை சீக்கிரம் கிளம்பினால் அதன் காலம் முடிந்தது. தொட்டியில் கொட்டினால் குழாய் அடைக்கும், ஒரு பாட்டிலில் சேர்த்து அப்புறப்படுத்துங்கள்.

சிலிண்டர் 40 நாளிலிருந்து 30 நாளுக்கு இறங்கியது எனக்குக் கவலையாக இருக்கிறது. சமையல் அதிகமாகாமல் இவ்வளவு வித்தியாசம் வந்தால் முதலில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரெகுலேட்டரிலும் டியூப் இணையும் இடங்களிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கவே கூடாது. கேஸ் வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, ஸ்விட்ச் எதையும் தொடாமல் 1906 என்ற அவசர எண்ணுக்கு அழையுங்கள். டியூபில் அச்சிட்டிருக்கும் காலக்கெடு முடிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அடுத்த சிலிண்டர் வரும்போது எடை போட்டு வாங்குங்கள். காலி எடை சிலிண்டரின் மேலேயே எழுதியிருக்கும், அதற்கு மேல் 14.2 கிலோ இருக்க வேண்டும். எடை பார்க்கச் சொல்வது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம். தீரும் நேரத்தில் சிலிண்டரைச் சாய்த்துப் படுக்கவைப்பது ஆபத்து.

அடுத்து சுடரைப் பாருங்கள். நீலமாக எரிந்தால் நல்லது. மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கரிந்தால் பர்னர் அடைத்திருக்கிறது, கேஸ் முழுதாக எரியாமல் கரியாகப் போகிறது. பர்னர் தலையைக் கழற்றிப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அந்தச் செலவு ஓரிரு சிலிண்டரில் திரும்பி வரும்.

தண்ணீர் கொதித்தபின் தீயைக் கூட்டினால் சீக்கிரம் வேகும் என்பது தவறு. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடேறாது, கூடுதல் தீ ஆவியாக வெளியே போகும், அவ்வளவுதான். மூடியைப் போட்டு சிம்மில் வையுங்கள். குக்கருக்குள் அழுத்தத்தில் 120 டிகிரி வரை போவதால்தான் பருப்பு அத்தனை வேகமாக வேகிறது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறையுங்கள். அதன்பிறகு வரும் ஒவ்வொரு விசிலும் நீங்கள் காசு கொடுத்து உண்டாக்கிய ஆவி வெளியே போவதுதான். எட்டு விசில், பத்து விசில் என்று எண்ணுவதைவிட, சிம்மில் எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைப் பாருங்கள். அடுப்பை அணைத்த பின் வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியே விடாதீர்கள், உள்ளிருக்கும் சூட்டிலேயே கடைசி வேக்காடு முடியும். துவரம்பருப்பை அரை மணி நேரம், கொண்டைக்கடலையை இரவு முழுக்க ஊறவையுங்கள். அடுக்குப் பாத்திரம் இருந்தால் கீழே பருப்பு, மேலே சோறு, அதற்கும் மேலே உருளை என ஒரே தீயில் மூன்றும் ஆகும். வாரத்தில் இரண்டு நாள் அரிசி பருப்பு சாதம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்துச் சமையலிலேயே ஒரே பாத்திரத்தில் அடுப்புச் செலவு இவ்வளவு குறையும் சாப்பாடு வேறில்லை. கூட ஒரு கீரைக் கடைசலோ முட்டையோ இருந்தால் சத்துக்கும் குறைவில்லை.

மளிகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புளியும் வரமிளகாயும் மாசி, பங்குனியில் புதிதாக வரும்போது மலிவாக இருக்கும், ஒரு வருடத்துக்கு வாங்கி வெயிலில் காயவைத்து எடுத்து வைக்கலாம். மசாலாப் பொடியைப் பெரிய பாக்கெட்டாக வாங்காதீர்கள், மணம் போய்விட்டால் இரண்டு மடங்கு போடுவீர்கள். ரவையை வறுத்து வைத்தால் வண்டு வராது, அரிசியில் வசம்போ வேப்பிலையோ போடுங்கள். ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குத் தரும் துவரம்பருப்பை விட்டுவிடாதீர்கள், கொஞ்சம் கூடுதலாக ஊறவைத்தால் நன்றாகவே வேகும். பாமாயிலில் நிறைகொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்) அதிகம் என்பதால் அதை மட்டுமே நம்ப வேண்டாம். பாக்கெட்டில் 'பெஸ்ட் பிஃபோர்' என்று போட்டிருந்தால் அந்தத் தேதிக்குப் பின் ருசியும் தரமும் குறையும் என்று பொருள், நாற்றமோ பூச்சியோ இல்லாத மிளகையும் சேமியாவையும் அதற்காக எறிய வேண்டாம். 'எக்ஸ்பயரி' அல்லது 'யூஸ் பை' என்றிருந்தால் தேதி தாண்டியதைத் தொடாதீர்கள்.

அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அது உங்கள் மனதில் இருப்பது தெரிகிறது. சோற்றைக் கொட்டும்போது அவர் வருந்துவது சரியான வருத்தம். பஞ்சத்தைப் பற்றிக் கேட்டும், ரேஷன் வரிசையில் நின்றும் வளர்ந்த தலைமுறை அவருடையது. அவரோடு வாதாட வேண்டாம், அரிசி அளக்கும் வேலையையே அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். "மிஞ்சக் கூடாது, பற்றாமலும் போகக் கூடாது, நீங்களே அளந்து போடுங்கள் அத்தை" என்று சொல்லிப் பாருங்கள். கத்தரி வற்றல், கொத்தவரை வற்றல், மோர்மிளகாய் போடுவதெல்லாம் அவர் கைக்குத் தெரிந்திருக்கும். காய் மலிந்து கிடக்கும் வாரத்தில் மீதியை வற்றலாக்கினால் விலை ஏறும் மாதங்களில் குழம்புக்கு ஆகும். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்து வெட்டச் சொல்லுங்கள். டிபன் பாக்ஸில் திரும்பி வருவதைப் பற்றி அவர்களைத் திட்டாமல், எவ்வளவு வேண்டும் என்று காலையில் அவர்களையே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் நாளைக்கே ஆரம்பிக்காதீர்கள். சோப்பு நுரை வைத்துக் கசிவு பார்ப்பது மட்டும் இன்றைக்கே ஆக வேண்டும். இந்த வாரம் நோட்டும் அரிசி டம்ளரும். அடுத்த வாரம் காயை இரண்டு முறையாக வாங்குவது, அதற்கடுத்து எண்ணெய் பாட்டில். புதிய சிலிண்டர் மாட்டும் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு சிலிண்டர் தீர்ந்தபின் நாள் கணக்கையும் அந்த நோட்டில் இருப்பதையும் எழுதி அனுப்புங்கள். நீங்கள் மூன்று வேளையும் என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் கூடவே எழுதுங்கள், அதைப் பார்த்து மேற்கொண்டு சொல்கிறேன்.